கனடாவுக்குப் போகாத மகனுக்கு

அன்புள்ள தம்பி,

கலியாணத்துக்கு உனக்கும் அனுசாவுக்கும் என்ன வேண்டும் என்று நான் தொலைபேசியில் கேட்டேன். நீ அப்போது பதில் சொல்லவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ரொம்சோஸில் என் வீட்டுக்கு வந்து, சாப்பிட்ட கோப்பையைக் கழுவி வைத்துவிட்டு, கையைத் துடைத்தபடி சொன்னாய். "அப்பா, எனக்குச் சங்கிலியும் வேண்டாம், மோதிரமும் வேண்டாம். நீங்க கட்டின கனடாவை நீங்களே இடிச்சுத் தாங்கோ." நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை. அனுசாவின் மாமா ரொறன்ரோவில் இருந்து கலியாணத்துக்கு வருகிறார் என்றும், மண்டபத்தில் ஒரு மேசையில் அவரும் எங்கள் ஆட்களும் இருந்தால் பேச்சு எங்கே போகும் என்று யோசித்துப் பார்க்கும்படியும் சொன்னாய். பிறகு சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டாய். அதனால்தான் இந்தக் கடிதம். நம்முடைய மாதப் பத்திரிகையில் இதைப் போடக் கேட்டிருக்கிறேன். அச்சில் அனுசாவின் பெயர் உட்பட ஒரு பெயரும் இருக்காது. ஆனாலும் ஒஸ்லோவில் வெஸ்ட்லியில் இருந்து மோர்டென்ஸ்ருட் வரை வாசிக்கிற எங்கள் ஆட்களுக்கு, பாதி வாசிக்கும்போதே ஆள் யாரென்று தெரிந்துவிடும். முதல் பிரதி உனக்கு. நீ வாசித்து, போடலாம் என்றால்தான் அச்சுக்குப் போகும்.

உனக்குத் தெரிந்ததையும் இதில் எழுத வேண்டியிருக்கிறது, மற்றவர்களுக்குத் தெரியாது என்பதால். யாழ்ப்பாணத்தில் நான் நீதிமன்றச் செய்தி எழுதியவன். நடந்ததை நடந்த ஒழுங்கில் எழுதத்தான் எனக்கு வரும். அப்போது உனக்குப் பத்தொன்பது வயது. பள்ளிக்கூடச் சிநேகிதர்களோடு பக்கத்து நகரமான திராம்மனுக்குப் போயிருந்தாய். அங்கே ஒரு பெற்றோல் நிலையத்தில், வரிசையில் யார் முதலில் நின்றது என்ற வாய்த்தர்க்கத்தில், உன் வயது நோர்வேப் பெடியன் ஒருவனை அடித்தாய். அவன் விழுந்து தலை நடைபாதை விளிம்பில் பட்டது. அவனுக்கு ஒரு காது இன்றைக்கும் கேட்காது. நீ ஓடவில்லை. அம்புலன்ஸ் வரும்வரை அவன் பக்கத்தில் இருந்தாய். பொலிஸ் கேட்ட எதையும் மறுக்கவில்லை. நீதிமன்றம் உனக்கு எட்டு மாதச் சிறை கொடுத்தது.

அன்று நீதிமன்றத்தில் பின் வாங்கில் ஓர் இளம்பெண் இருந்து குறிப்பு எடுத்தாள். அவள் பேனா பிடித்த விதத்திலேயே தொழில் தெரிந்தது. மறுநாள் பத்திரிகையில் நான்கு வரி வந்திருந்தது. குரூருட் பள்ளத்தாக்கைச் சேர்ந்த பத்தொன்பது வயது இளைஞர் என்று மட்டும் போட்டிருந்தாள். ஊரில் அதே வழக்கை நான் எழுதியிருந்தால் உன் பெயர், தகப்பன் பெயர், ஊர், வீதி எல்லாம் போட்டிருப்பேன். அதுதான் எங்கள் வழக்கம். அந்த நான்கு வரியை வாசித்தபோது எனக்கு அவ்வளவு ஆறுதல். இங்கே பெயர் இல்லை, ஆகவே நடந்தது எங்கள் ஆட்கள் ஒருவருக்கும் தெரியவராது என்று எண்ணினேன். அவள் உனக்குக் கொடுத்த அந்த இடைவெளியை நான் எதைக்கொண்டு நிரப்பினேன் என்பதுதான் மீதிக் கதை.

இந்த நாட்டில் தீர்ப்புச் சொன்ன கையோடு கூட்டிக்கொண்டு போவதில்லை. சிறையில் இடம் வரும்வரை வீட்டில் இருக்கச் சொல்கிறார்கள். இடம் வந்ததும் தபாலில் அழைப்பு வரும். அப்படி நீ காத்திருந்த நாட்களில், நானும் அம்மாவும் தமிழ்க் கடையில் மரக்கறி வாங்கிக்கொண்டு நின்றோம். கடைக்கார அக்கா, "தம்பி இப்ப என்ன செய்யிறார்?" என்று கேட்டா. அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "கனடாவுக்குப் போறார். ரொறன்ரோவிலை என்ரை மச்சான் இருக்கிறார், அங்கை நிண்டு படிக்க." அம்மா கையில் இருந்த முருங்கைக்காயைத் திரும்ப வைத்துவிட்டு என்னைப் பார்த்தா. வீட்டுக் கதவைத் திறக்கும்போது, "அங்கை எல்லாருக்கும் ஆக்கள் இருக்கினமே, யோசிச்சனீங்களே?" என்று கேட்டா.

நான் யோசிக்கவில்லை. அடுத்த சனிக்கிழமையே ஆட்கள் வரத் தொடங்கினார்கள். எங்களில் ஒருவர் எங்காவது பறக்கப்போகிறார் என்றால் அவருடைய பெட்டியில் பாதி ஊருக்குச் சொந்தம் என்பதை நான் எப்படி மறந்தேன்? ஒருவர் அங்கே நடக்கும் சாமத்தியச் சடங்குக்குச் சீலை கொண்டுவந்தார். இன்னொருவர் கலியாண வீடியோ காசெற். ஒரு அன்ரி போத்தல் நிறைய மோர்மிளகாய். நீ சோபாவில் இருந்தாய். ஒவ்வொருவரும் எந்த பஸ்ஸில் ஏறி எங்கே இறங்க வேண்டும் என்று உனக்கு விளக்கினார்கள். நீ "ஓம் அன்ரி, ஓம் அங்கிள்" என்று தலையாட்டினாய். வெஸ்ட்லியில் இருந்து ஒருவர் வந்தார். தங்கையின் பிள்ளைக்கு ஒரு சோடி வெள்ளிக் கொலுசு. "கனமில்லை, தம்பி கைப்பையிலையே வைக்கலாம்" என்றார். அவருடைய மகனும் உன் வயதுதான். அவரை இந்தக் கடிதத்தில் வெஸ்ட்லிக்காரர் என்றே சொல்கிறேன்.

சாமான் எல்லாவற்றையும் மச்சானுக்குத் தபாலில் அனுப்பினோம். அவனுக்கு மட்டும் உண்மையைச் சொல்ல வேண்டி வந்தது. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அவன் தொலைபேசி எடுத்தான். "மச்சான், பெட்டியை அனுப்பிப்போட்டு ஆளை வீட்டிலை வச்சிருக்கிற முதல் ஆள் நீர்தான்." நான் சிரித்தேன். நீ அடுத்த அறையில் இருந்தாய். உனக்குக் கேட்டிருக்கும்.

நீ உள்ளே போன பிறகு அம்மா முதல் முறை வந்தா, இரண்டாம் முறை வரவில்லை. பிறகு நான் தனியே வந்தேன். நகரத்துக்கு வெளியே, பஸ்ஸில் போய் இறங்கி, வேலியோரமாக நடக்க வேண்டும். சந்திக்க வருகிறவர்கள் வீட்டுத் திறப்பையும் தொலைபேசியையும் ஒரு சின்ன அலுமாரியில் பூட்டிவிட்டுக் காத்திருக்கும் அறை உனக்குத் தெரியாது. நீ மறுபக்கத்தால் வருவாய். ஒரு நாள் நான் அங்கே போனபோது, கோப்பி மெசினுக்குப் பக்கத்துக் கதிரையில் வெஸ்ட்லிக்காரர் இருந்தார். தலையில் கம்பளித் தொப்பி. என்னைக் கண்டதும் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்து, அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருடைய மகன் லண்டனில் படிக்கிறான் என்றுதான் எல்லோரும் அறிந்திருந்தோம். நான் ஒரு கதிரை விட்டு இருந்தேன். அவர் எழும்பி இரண்டு கோப்பி எடுத்து, ஒன்றை எங்கள் நடுவில் இருந்த வெறுங்கதிரையில் வைத்தார். நான் எடுத்துக் குடித்தேன். அவரை முதலில் கூப்பிட்டார்கள்.

திரும்பும்போதும் ஒரே பஸ். நகரத்தில் இறங்கி ஒரே நிலக்கீழ் ரயில். ஐந்தாம் இலக்க ரயிலில் எனக்கு ரொம்சோஸ், அவருக்குக் கடைசித் தரிப்பு. எதிரும் புதிருமாக இருந்தோம். குரூருட் தாண்டியதும் அவர் ஜன்னலைப் பார்த்தபடி கேட்டார். "கனடாவிலை இப்ப நல்ல குளிர், என்ன?"

"ஓம், சரியான குளிராம்" என்றேன். "லண்டன் எப்பிடி?"

"மழை. ஒரே மழை எண்டு சொல்லுறான்."

கதவு திறந்தது, நான் இறங்கினேன். அவ்வளவுதான் எங்கள் உடன்படிக்கை. அதன் பிறகு கோயிலிலோ ரயிலிலோ எங்கே கண்டாலும் அவர் கனடாவைக் கேட்பார், நான் லண்டனைக் கேட்பேன். மற்றவர்கள் முன்னால் ஒருவர் பொய்யை மற்றவர் தாங்கிப் பிடித்தோம். அவருக்கு என்னைப் பற்றியும் எனக்கு அவரைப் பற்றியும் தெரிந்த அளவுக்கு ஒஸ்லோவில் வேறு யாருக்கும் தெரியாது. ஆனாலும் அவர் என் வீட்டுக்கு மறுபடி வரவில்லை. நான் அவருடைய வீட்டுப் படி ஏறவில்லை.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறக்கவிருந்த மார்கழியில் நீ வெளியே வந்தாய். வாசலில் நான் நின்றேன். உன் கையில் ஒரு பிளாஸ்ரிக் பை. நான் கொண்டுவந்தது மச்சான் அனுப்பிய கனடாத் தொப்பியும், மேப்பிள் இலை படம் போட்ட பிஸ்கட் பெட்டிகளும். அன்று பின்னேரமே அவற்றை எடுத்துக்கொண்டு உன்னை வீடு வீடாகக் கூட்டிப்போனேன். கனடாவில் இருந்து வந்தவன் வெறுங்கையோடு வரக்கூடாது அல்லவா? எல்லோரும் உன்னைப் பார்த்து, மெலிந்துபோனாய் என்றார்கள். மச்சான் வீட்டுச் சாப்பாடு சரியில்லை என்றேன். திரும்பி வரும்போது மாடிப்படியில் நின்று நீ சொன்னாய். "அப்பா, உள்ளுக்கை இருந்த எட்டு மாசமும் நான் ஒரு பொய் சொல்லேல்லை. அங்கை எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும், சொல்லத் தேவையில்லை. வெளியாலை வந்த முதல் நாளே தொடங்கிட்டன்." நான் பிஸ்கட் பெட்டி ஒன்று மிச்சம் இருக்கிறது, அதை யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டேன்.

பிறகு நீ மின்வேலை படித்தாய். வேலை கிடைத்தது. உன் முதலாளிக்கு விமான நிலையத்தில் ஒப்பந்தம் கிடைத்தபோது உன்னையும் அனுப்ப விரும்பினார். உள்ளே போகும் அடையாள அட்டைக்குப் பொலிஸ் சான்றிதழ் கேட்டார்கள். அதில் திராம்மன் இருந்தது. அட்டை தரவில்லை. மற்றவர்கள் வான் வண்டியில் ஏறிப் போக, நீ பட்டறையில் நின்று வயர் சுற்றினாய். உனக்கு முதுகுவலி, பாரம் தூக்க ஏலாது, அதனால்தான் போகவில்லை என்று அம்மா மற்றவர்களுக்குச் சொன்னா. கனடாவுக்கு ஒரு முதுகுவலியும் சேர்ந்தது. ஒரு பொய்யோடு வாழ்வது ஒரு நோயாளியை வைத்துப் பார்ப்பது போல. வீட்டுக்கு ஆட்கள் வந்தால் ரொறன்ரோக் கதை வரும் என்று, அம்மா ஆட்களைக் கூப்பிடுவதை மெல்ல மெல்ல நிறுத்தினா. கோயிலில் பூசை முடிந்ததும் சாப்பிடாமல் வருவோம். தொலைபேசி அடித்தால் நான்தான் எடுப்பேன். அம்மா வேலை செய்த முதியோர் இல்லத்தில் நோர்வேக் கிழவிகளுக்கு உன்னைப் பற்றி உண்மையெல்லாம் சொல்லியிருக்கிறா என்பது அவவின் செத்தவீட்டில்தான் எனக்குத் தெரிந்தது. கூட வேலை செய்த ஒருத்தி என் கையைப் பிடித்து, மகன் தண்டனை முடித்துத் திருந்தி வாழ்வதைப் பற்றி அவ எவ்வளவு பெருமையாகச் சொல்லுவா தெரியுமா என்றாள். தமிழில் அதைச் சொல்ல அம்மாவுக்கு ஒரு ஆள் இருக்கவில்லை. என்னையும் சேர்த்துத்தான்.

அம்மா போய் இரண்டாவது மாரியில் நீ தொலைபேசி எடுத்தாய். மறுபடி விண்ணப்பித்ததாகவும், சான்றிதழ் வந்ததாகவும் சொன்னாய். தண்டனை முடிந்து குறித்த வருடங்கள் வேறு எதுவும் இல்லாமல் கழிந்தால், பழையது அந்தக் கடதாசியில் வராது என்பது சட்டம். "ஒண்டுமில்லை அப்பா. வெறுமையா வந்திருக்கு." உன் குரல் அப்படி இருந்து நான் கேட்டதில்லை. அடுத்த மாதம் அட்டை கிடைத்தது. இப்போது ஓடுபாதை விளக்குகளைப் பார்க்கிறாய். அந்த ஒரு வெறுங்கடதாசியால் உன் சம்பளம் மாறியது, வங்கி வீட்டுக்கடனுக்குச் சம்மதித்தது, நடையும் மாறியது. முன்பு ஒரு கந்தோருக்குள் போகும்போது தோளைச் சற்று ஒடுக்கிக்கொண்டு போவாய். இப்போது அப்படிப் போவதில்லை. அடித்தவனுக்கு இதெல்லாம் வேண்டுமா என்று கேட்பவர்கள் இருப்பார்கள். கேட்கட்டும். காது போன பெடியன் அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை. நீ எழுதிய மன்னிப்புக்கு அவன் பதில் போட்டதையும், அதில் ஒன்றையும் மறைக்காமல் அனுசாவுக்குக் காட்டியதையும் நீதான் எனக்குச் சொன்னாய். அவளுடைய தாய் தகப்பனுக்கும் சொல்லிவிட்டுத்தான் பெண் கேட்டாய். நான் செய்யாததை நீ செய்தாய்.

சான்றிதழ் வந்த அந்தப் பின்னேரம் நான் இந்த வீட்டில் எழும்பி நடந்தேன். யாருக்காவது சொல்ல வேண்டும் போல இருந்தது. தொலைபேசியைக் கையில் எடுத்து, நம்பர் எழுதிய கொப்பியைப் புரட்டினேன். ஒருவருக்கும் அடிக்க முடியவில்லை. உன் பெயர் அழிந்தது என்று சொன்னால், எதில் இருந்தது என்று கேட்பார்கள். துக்கத்தை ஒளித்தவனுக்குச் சந்தோஷத்தைச் சொல்லவும் ஆள் இல்லை, தம்பி. அந்த ஞாயிற்றுக்கிழமை கோயிலால் வரும்போது ரயிலில் வெஸ்ட்லிக்காரர் இருந்தார். வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. நீ திரும்பி வந்து எத்தனையோ வருடமான பிறகும் வழமைபோல, "கனடாவிலை எப்பிடி?" என்றார்.

"வெயிலாம்" என்றேன். "நல்ல வெயில்."

தை மாதத்தில் வெயில். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லது, நல்லது" என்று சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அந்த வருடம் முழுக்க என் சந்தோஷத்தைப் பகிர்ந்துகொண்ட ஒரே மனிதர் அவர்தான்.

அதனால், நீ கனடாவை இடிக்கச் சொன்ன பிறகு, பேனாவை எடுப்பதற்கு முன் அவரிடம் போக வேண்டியிருந்தது. என்னுடையதை இடித்தால் அவருடையதிலும் வெடிப்பு வரும். போன ஞாயிறு அவரோடு ரயிலில் இருந்தபோது ரொம்சோஸ் வந்தது, கதவு திறந்தது. நான் எழும்பவில்லை.

"ரொம்சோஸ் வந்திட்டுது" என்றார்.

"தெரியும்."

கதவு மூடியது. கடைசித் தரிப்பில் இறங்கி அவருக்குப் பின்னால் நடந்தேன். அவருடைய மனைவி மகனோடு போய் இருக்கிறா. வீட்டில் ஒரு கதிரையைத் தவிர மற்றதெல்லாவற்றிலும் பத்திரிகைகள். ஒன்றைக் காலியாக்கித் தந்துவிட்டுத் தேத்தண்ணி வைத்தார். நான் எழுதப்போவதைச் சொன்னேன். காத்திருப்பு அறையை விட்டுவிடலாம் என்றும் சொன்னேன்.

அவர் கரண்டியால் தேத்தண்ணியைக் கலக்கினார். "நான் சொன்ன லண்டனை உண்மையாக்க வேணும் எண்டுதான் அவன் வெளியாலை வந்த கையோடை அங்கை அனுப்பினனான். இஞ்சை அவன்ரை கடதாசியும் வெறுமை ஆகிக் கனகாலம். பொலிசுக்கு அவனிலை ஒண்டும் இல்லை. நான்தான் இன்னும் அவனை உள்ளை விடேல்லை." தேத்தண்ணியை என் பக்கம் தள்ளினார். "என்ரை பேரைப் போடாதேங்கோ. அறையைப் போடுங்கோ, லண்டனையும் போடுங்கோ. பத்திரிகை இப்ப கம்பியூட்டரிலையும் வருகுதாம். அவன் பாக்கிறவன்."

பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாகக் கேட்டார். "தம்பி எப்பிடி இருக்கிறார்?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஓடுபாதை விளக்கு, அனுசா, நீங்கள் வாங்கிய வீடு, நீ கோப்பை கழுவி வைக்கும் ஒழுங்கு. அவர் இடையில் குறுக்கிடாமல் கேட்டார். முடிந்ததும் நான் அவருடைய மகனைக் கேட்டேன். எப்படி இருக்கிறான், என்ன வேலை, என்ன நினைக்கிறான்.

"தெரியேல்லை" என்றார். "கிழமைக்கு ஒருக்கா எடுப்பான். நான் அவனிட்டையும் மழை பெய்யுதோ எண்டுதான் கேக்கிறனான்."

ரயிலில் திரும்பி வரும்போது அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். நானும் உன்னிடம் குளிரைத்தான் கேட்கிறேன், தம்பி. ஜாக்கெட் போட்டியோ, ரோட்டில் வழுக்குமோ, விமானம் பிந்துமோ. கனடாவைப் பற்றி ஊருக்குச் சொல்ல எத்தனையோ விபரம் சேர்த்தேன். உண்மையில் நீ இருந்த இடத்தைப் பற்றி உன்னிடம் ஒரு கேள்வி கேட்டதில்லை. ஆயுள் முழுக்கக் கேள்வி கேட்டுச் சாப்பிட்டவன், சந்திக்க வந்த நாட்களிலும் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த உன்னிடம், மச்சான் வீட்டுப் பார்சல் போய்ச் சேர்ந்த கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அரசாங்கம் அந்த எட்டு மாதத்தை உனக்கு எதிராக இனிப் பாவிப்பதில்லை என்று சொல்லி மூடியிருக்கிறது. அது சரியான வேலை. ஆனால் நானும் மூடியதால், அந்த மாதங்களில் நீ தனியே நிற்கிறாய். உனக்கு மனைவி வருகிறாள், ஒருநாள் பிள்ளை வரும். அதுகள் எதையாவது செய்துவிட்டு உன் முன்னால் வந்து நின்றால், ஊருக்கு என்ன சொல்வது என்று யோசிக்க முதல் அதுகளிடம் ஒரு கேள்வி கேள். என்னிடம் இருந்து எடுத்துப்போக உனக்குச் சொல்லக்கூடியது அவ்வளவுதான்.

அனுசாவின் மாமா மண்டபத்தில் கேட்டால் நானே சொல்லிக்கொள்கிறேன். வெஸ்ட்லிக்காரருக்கும் ஒரு இடம் வை, எனக்குப் பக்கத்தில். அதற்கு முன் ஒரு ஞாயிறு நீ தனியே வா. நான் சமைக்கிறேன். கேட்க நிறைய இருக்கிறது, எல்லாவற்றையும் ஒரே நாளில் சொல்ல வேண்டாம். முதல் கேள்வியை மட்டும் இங்கே எழுதிவிடுகிறேன், யோசித்துக்கொண்டு வா. நான் உன்னை வாசலில் விட்டுவிட்டுப் பஸ் ஏறிய அந்த முதல் நாள் பின்னேரம், உள்ளே உனக்குச் சாப்பிட என்ன தந்தார்கள்? நீ சாப்பிட்டாயா?

அப்பா